பூக்கட்டுகிற வீட்டில் புதன்கிழமைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்கு இருபது வயது முடிந்திருந்தபோது, வாரத்தில் இரண்டு நாள் இராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பெண்களுக்கு அவர்கள் வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சம்பளம் கிறிஸ்தவ மிஷனுடையது. எழுத்தோடு சேர்த்து வேதத்தையும் அந்த வீடுகளுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் அதை முழுமனதோடு ஒப்புக்கொண்டுதான் போனேன்.

புதன்கிழமை போகும் வீடு, ஆண்டாள் கோயிலுக்கு மாலை கட்டிக்கொடுக்கும் வைணவக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தான். அவனுடைய கடிதம் வந்தால் தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்த்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும். தம்பிக்குக் காய்ச்சல் என்றால், இவர் வீடு திரும்புவதற்குள் நாலு பேர் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் எழுத்துப் படிக்க ஆசைப்பட்டார்.

பூக்கட்டும் அறையிலேயே பாடம் நடக்கும். நடுவில் ஈர வாழை இலையில் பூ குவிந்திருக்கும். அந்தப் பூவை நான் தொடக்கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கதவோரம் எனக்கென்று ஒரு பலகை போட்டிருந்தார். அவர் கைகள் நாரில் பூத்தொடுத்துக்கொண்டே இருக்கும். எதிரே கூடையில் சாய்த்துவைத்த புத்தகத்தை வாய் எழுத்துக் கூட்டி வாசிக்கும். ஆறு மாதத்தில் நன்றாகவே தேறிவிட்டார்.

ஒரு புதன்கிழமை, பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு, மிஷனில் கொடுத்திருந்த துண்டுப் பிரசுரங்களில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கல்லைக் கும்பிடுகிறவர்களை ஏளனம் செய்து எழுதியது அது. கல்லுக்குப் பூச்சூட்டி மகிழும் அறிவிலிகள் என்றுகூட அதில் ஒரு வரி இருந்தது. தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அந்த வரிக்காகவேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அவராகவே வாசித்தால் மனதில் தைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுதும் போனதால், பொருள் அவருக்குச் சற்றுப் பின்தங்கியே வந்தது. எங்கும் தடுக்கவில்லை. ஒரு பக்கத்தை முழுசாக அவர் வாசித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. கடைசி வரிக்கு வரும்போது கை நின்றுவிட்டது. ஆனாலும் பாதியில் விடாமல் முடித்தார்.

பிறகு என்னைப் பார்த்து, “நான் வாசிச்சது சரியா டீச்சரம்மா?” என்று கேட்டார்.

ஒரு பிழை இல்லை என்றேன்.

“அதுல எழுதியிருக்கது சரியா?”

அவர் மடியில் அன்றைக்கு உச்சிக்காலப் பூசைக்குப் போகவேண்டிய மாலை பாதி கட்டினபடி கிடந்தது. விடியுமுன் குளித்து, ஈரத் தலையோடு அந்தப் பூவைப் பறித்தவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்து ‘சரி’ என்று சொல்ல என்னால் முடியவில்லை. ‘இல்லை’ என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

அவர் காகிதத்தை நாலாக மடித்து என் பக்கம் நகர்த்திவைத்தார். “எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இத இந்த வீட்ல வச்சிக்கிட முடியாது. நீங்களே கொண்டு போயிருங்க. எங்க வீட்டுக்காரவிய கண்ணுல பட்டுச்சுன்னா பொறவு நீங்க இந்தத் தெருவுக்கே வர முடியாது.”

அடுத்த புதன்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டேன். எங்கள் வேதக்கோயிலை அப்படி எழுதி, என் அம்மாவை விட்டே வாசிக்கச் சொல்லியிருந்தால் அம்மா என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் போனேன். கதவு திறந்தே இருந்தது. என் பலகையும் போட்ட இடத்திலேயே இருந்தது. நான் உட்காரவில்லை. “தப்புப் பண்ணிட்டேன் அக்கா” என்றேன். அதுவரை அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அக்கா என்று எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

அவர் என்னை உட்காரச் சொன்னார். இரண்டு வாரமாக யோசித்து வைத்ததுபோல நிதானமாகப் பேசினார். “உங்க சாமியப் பத்தி நீங்க சொல்லுங்க, எம்புட்டு நேரம்னாலும் கேக்கேன். எங்க சாமியப் பத்தி நான்தான் சொல்லுவேன். நீங்க கேக்கணும். அது போதும் நமக்கு.”

அன்றிலிருந்து பாடம் முடிந்ததும் செத்த நேரம் அப்படிப் பேசுவது வழக்கமாயிற்று. மார்கழிக் குளிரில் தோட்டத்துக்குப் போகும்போது மனசுக்குள் என்ன ஓடும் என்று அவர் சொன்னார். பிள்ளையில்லாத வருத்தத்தை யாரிடமும் சொல்லாமல் சன்னிதியில் மட்டும் சொல்லி அழுததைச் சொன்னார். நான் எங்கள் ஊர்க்கோயிலில் அம்மா பாடுவதைச் சொன்னேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்று மணியடிக்கமாட்டோம், பூ வைக்கமாட்டோம் என்றேன். ஏன் என்று கேட்டார். இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள் அது என்று சொன்னேன். “அன்னைக்கு உங்க வீட்ல எழவு மாதிரி, இல்லையா?” என்றார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த நாளை அவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆடித் தேருக்கு என்னை வரச்சொல்லி, வீதியில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக விளக்கினார்.

அந்த ஆடி மாதக் கடைசியில், கொடுத்தனுப்பிய பிரசுரங்களை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மிஷனில் எங்களுக்கு மேலே இருந்த அம்மாள் காரணம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஊழியத்துக்கு நான் லாயக்கில்லை என்று என்னை இராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் புதன்கிழமைகள் நின்றன. ஆனால் அதற்குள் அக்கா தம்பியின் கடிதங்களைத் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் கோயிலில் பெண்கள் பக்கம் கடைசியில் அக்கா இருந்தார். ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டபோது அவர் மட்டும், தன் சாமிக்கு முன்னால் நிற்பதுபோலவே, கைகூப்பி நின்றார். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க கோயிலு நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு” என்றார்.

அந்தப் பிரசுரத்தை வாசித்த அன்று அக்கா தன் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முகத்தில் அந்தத் தெரு முழுவதும் கதவடைத்திருக்கும். அப்படிச் செய்யாமல் என்னிடமே கேட்டார். அதற்கு நான் அவருக்கு என்றைக்கும் நன்றியுள்ளவள்.

பந்திக்கு அவர்கள் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடமுடியாது என்பதை அக்கா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னார். அம்மா முகம் கோணாமல் இரண்டு இளநீர் வெட்டிவரச் சொன்னாள். அதைக் குடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் புறப்பட்டார்கள். அம்மா தெருமுனைவரை கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.