தூக்கு இல்லை என்று எழுதிய தாள்

கோர்ட்டுத் தாள்களை இங்கிலீஷில் மாற்றித் தருகிறவனிடம் யாரும் நல்ல சேதி கொண்டு வருவதில்லை. இந்தத் தொழிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். இரண்டாயிரத்துக்கு அப்புறம் விருதுநகரில் எனக்கு வந்த ஒரே பெரிய கட்டு, கருப்பசாமி கேஸ்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டிய முத்தையாவை, ஒரு சண்டையில் கத்தியால் குத்திவிட்டு ஓடியவன் கருப்பசாமி. கப்பல் வேலைக்குப் போய் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் பிடிபட்டான். அங்கே தூக்குத் தண்டனை கிடையாது. தூக்கில் போட மாட்டோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்தால்தான் ஆளை அனுப்புவோம் என்றார்கள்.

உண்டு இல்லை

குத்துவதற்கு முன், "உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவேம்லே" என்று கருப்பசாமி கத்தினானாம். சாட்சி சொன்னவர் டீக்கடைக்காரர். இது கொல்லும் மிரட்டலா, வெறும் திட்டா என்று விளக்கம் கேட்டு அந்த நாட்டு வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வார்த்தையில் ஓர் உயிர் தொங்குகிறதே என்று இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. கடைசியில் டீக்கடைக்காரரையே கேட்டு, அவர் சொன்னதையே விளக்கமாக எழுதி அனுப்பினேன்.

"பெத்த பிள்ளைகளையே தெனமும் அப்படித்தான் வைவோம் சார்."

வீராயி

கருப்பசாமியின் அம்மா வீராயி, வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவர். மகனைப் பார்த்து நாலு வருஷம். டெல்லியிலிருந்து உறுதிமொழித் தாள் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, விரலில் பசை காயாமல் வந்து நின்றார். அதில் உள்ளதைத் தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆயுள் தண்டனை கிடைக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"எத்தனை வருசமும் போடட்டும் சார். மதுரை ஜெயிலுக்குப் பஸ்ஸு இருக்குல்ல."

பேச்சியம்மாள்

அடுத்த வாரம் வந்தவர் முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள். புருஷனைக் கொன்றவனுக்குத் தூக்கு இல்லை என்று எழுதிய தாளைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் ஓடி வருவதற்குள் முத்தையாவுக்குப் பேச்சு நின்று, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிரும் போனதால், அவர் குரலைக் கடைசியாகக் கேட்டவன் கருப்பசாமி ஒருத்தன்தான்.

"அவன் உசுரோட வரட்டும் சார். எங்க வீட்டுக்காரரு கடைசியா என்ன பேசுனாகன்னு நான் கேக்கணும்."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்

கருப்பசாமி வந்தான். விசாரணை நடந்து ஆயுள் தண்டனை ஆனது. அன்றைக்கு எனக்கு அங்கே வேலை இல்லை, இருந்தும் போனேன். வராந்தாவில் வீராயி மகனின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பேச்சியம்மாள் பக்கத்தில் போனதும் வீராயி தானாகவே ஒதுங்கி இடம் விட்டார். கூட வந்த போலீஸ்காரரும் தடுக்கவில்லை.

"என்னடா சொன்னாக?" என்று பேச்சியம்மாள் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"தண்ணி கேட்டாக அக்கா. குடுக்காம ஓடிட்டேன்."

இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் நான் மாற்றிக் கொடுத்த அத்தனை பக்கங்களிலும், அந்தம்மா கேட்ட கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை.