சரஸ்வதியின் கார் நேராகப் போகவில்லை

“அண்ணே, ஹைவேல ஏறுனா கார் எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது. நான் நேராத்தான் புடிக்கிறேன். அது ஒரு பக்கமா அலையுது லா.”

மலைமேல் கம்போங் ராஜாவில் இருந்த என் பட்டறைக்குச் சரஸ்வதி வந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அவள் அதே தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறாள். கணவர் முனியாண்டிக்குச் சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்திருந்தது. மாதம் ஒருமுறை மலையிறங்கி ஈப்போ மருத்துவமனையில் கண்ணுக்கு ஊசி போட வேண்டும். இருபது வருடப் பழைய காரில் அவள்தான் அழைத்துப் போவாள்.

முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கினேன். இரண்டு டயரையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. ஸ்டீரிங்கில் மட்டும் இரண்டு விரல் அளவு லூஸ் இருந்தது. பழைய காரில் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ‘இதுதான் கோளாறு’ என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஸ்டீரிங்கின் அசைவை டயருக்குக் கொண்டுபோகும் ராக்கில், லூஸைக் குறைக்கும் ஸ்க்ரூவை இறுக்கினேன். பக்கத்து ஊரான கோலா தெர்லா வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினேன். கார் ஒழுங்காகப் போனது.

அந்த ரோடு முழுக்க வளைவு. நாற்பதுக்கு மேல் போக முடியாது, கையும் ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கார் தானாக அலைகிறதா என்று அங்கே தெரியவே தெரியாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பட்டறையில் காய்கறி லாரிகள் காத்திருந்தன, ஈப்போ ஹைவே வரை மலையிறங்கி ஏற அரை நாள் போய்விடும். அதனால் இறங்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வந்தாள்.

“முன்னவிட மோசமா இருக்குண்ணே. ஸ்டீரிங்கத் திருப்புனா திரும்பி வரவே மாட்டேங்குது. பக்கத்துல பெரிய லோரி வந்தா உசுரே போயிருது.”

அவள் சொன்னது அத்தனையும் சரி. ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வராது, அலைச்சல் கூடும். ஆனால் நான் அவள் கையைப் பார்த்தேன். கார்க் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது.

“காருல ஒண்ணும் இல்லம்மா. நீ பயந்து பயந்து இறுக்கிப் புடிக்கிற. அதான் அலையுது. லூஸா புடிச்சி ஓட்டு, பழகிரும்” என்றேன்.

பட்டறையில் இருந்த இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிரிடும் சுப்பையா ஒரு காரை ஓட்டி வந்தார். பார்த்ததுமே தெரிந்தது, சரஸ்வதியின் கார்.

“அந்தப் பொண்ணு வித்துருச்சிங்க. ஆனா ஹைவேல நேராப் போக மாட்டேங்குது” என்றார்.

அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலையிறங்கி ஹைவேயில் ஏறி, தொண்ணூறைத் தொட்டதும் கார் இடப்பக்கம் நழுவியது. பிரேக் மிதித்தபோது மறுபக்கம் இழுத்தது. சுப்பையா பயந்த ஆள் இல்லை, இருபது வருடம் லாரி ஓட்டியவர்.

திரும்பி வந்து காரைத் தரையிலேயே நிறுத்தி, அவரை மெதுவாக நகர்த்திப் பிரேக் போடச் சொன்னேன். இடது முன் டயர் ஒரு விரல் அளவு பின்னால் போய் வந்தது. அடியில் படுத்து, டயரைக் காரின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைக் கம்பியால் நெம்பினேன். ரப்பர் இரும்பை விட்டு முழுசாகக் கிழிந்திருந்தது. பாரம் ஏறி ஓடும்போதுதான் அது வேலையைக் காட்டும். ஜேக்கில் தூக்கித் தொங்கவிட்டால் காட்டாது. இரண்டு பக்கப் புஷ்ஷையும் மாற்றி, நான் இறுக்கிய ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். கார் ஹைவேயில் கோடு போட்டதுபோல் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். முனியாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முகத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணால் பார்த்தார். இடது கண்ணில் பார்வை போயிருந்தது. கார் இல்லாமல், இரண்டு பஸ் மாறிப் போக முடியாமல், நாலு ஊசி தவறிவிட்டதாம்.

சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த புஷ், நான் தப்பாக இறுக்கிய ஸ்க்ரூ, எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப நான் சரியாத்தான் ஓட்டுனேனா?” என்றாள்.

“சரியாத்தாம்மா ஓட்டுன.”

“நாந்தான் இவர ஒருநாளைக்கிக் கொன்னுருவேன்னு பயந்து வித்தேண்ணே.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முனியாண்டியை ஊசிக்கு நானே என் காரில் அழைத்துப் போகிறேன் என்றேன். இப்போது மாதா மாதம் போகிறோம். வலது கண்ணின் பார்வை போகாமல் நிற்கிறது. சரஸ்வதி பின்சீட்டில் வருவாள். ஒருநாள் சாவியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கோளாறு எந்த ரோட்டில் வருகிறது என்று கேளுங்கள். காரைக் கொண்டு வந்தவரையே ஓட்டச் சொல்லி அந்த ரோட்டுக்கே போங்கள். காரில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லுங்கள். ஓட்டுகிறவர்மேல் பழி போடாதீர்கள். புஷ்ஷை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டேன். அவள் கையில் நான் ஏற்றிவிட்ட பயத்தை என்னால் இன்னும் இறக்க முடியவில்லை.