கும்ஜுவுக்குக் கண் தெளிந்த கதை

பூசான் நகரின் யோங்தோ தீவில், கப்பல் பட்டறைகளுக்கு மேலே சரிவில் இருக்கும் பெண்கள் குளியலகத்தில் தாக் கும்ஜுவுக்குப் பதின்மூன்று வருடமாக ஒரே வேலை. வெந்நீர்த் தொட்டியில் ஊறி எழுந்து வரும் பெண்களைக் கட்டிலில் படுக்க வைத்து, கையில் பச்சை உறையை மாட்டிக்கொண்டு, தோளிலிருந்து குதிகால் வரை அழுக்குத் திரளத் திரளத் தேய்த்துவிடுவாள். கைராசிக்காரி என்று பெயர். துறைமுகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள்.

கைக்கு இருந்த பெயர் கண்ணுக்கு இல்லை. ஒன்பது வயதில் கண்ணாடி போட்டவள். முப்பது வயதில் பவர் மைனஸ் ஆறரையில் வந்து நின்றது. குளியலகத்துக்குள் கண்ணாடி ஒரு நிமிடம் தாங்காது. ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். ஒருமுறை கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தாள். லென்ஸோடு தொட்டித் தண்ணீரில் நாள் முழுக்க நின்றதில் கண் சிவந்து வீங்கி, ஆஸ்பத்திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதன்பிறகு கண்ணாடியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வெறுங்கண்ணோடுதான் வேலை. ஒரு சாணுக்கு அப்பால் எல்லாமே வெண்ணெய் தடவியது போலத் தெரியும். ஆட்களைக் குரலாலும் முதுகாலும் அடையாளம் வைத்திருந்தாள்.

வந்தவர்களுக்கு அதுவே பிடித்திருந்தது. பிரசவத் தழும்போ தொங்கும் வயிறோ, கும்ஜு கண்ணில் எதுவும் படாது. "கும்ஜு முன்னாடி படுக்கிறது சுவத்து முன்னாடி படுக்கிற மாதிரி. வெக்கப்படறதுக்கு ஆளே இல்ல" என்று ஒருத்தி சொல்லப்போய், குளியலகம் முழுக்க அந்தப் பேச்சுப் பரவிவிட்டது.

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெண் வருவாள். வாய் திறக்க மாட்டாள். தன் துணிப்பெட்டியின் சாவியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் படுப்பாள். திரும்ப வேண்டுமென்றால் கட்டிலை இரண்டு தட்டுத் தட்டுவாள். பாவம், ஊமை போலிருக்கிறது என்று கும்ஜு முடிவு கட்டிவிட்டாள். ஊமையிடம் எதையும் மனம்விட்டுப் பேசலாம் அல்லவா? மகள் நாரேயின் படிப்பு, வீட்டுக்காரன் கப்பலோடு போய் எட்டு மாதம் ஆனது, எல்லாம் பேசுவாள். எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசியது கீழ்ச்சந்தையில் மீன் விற்கும் பே பில்நம் என்பவளைப் பற்றி. ஒரு குளிர்காலத்தில் அந்தப் பில்நம் பழைய வாளைமீனைப் புதுசு என்று தலையில் கட்டப் பார்த்தாள், இவள் அத்தனை பேர் நடுவில் அதைத் திருப்பி வீசிவிட்டு வந்தாள். அதிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் கும்ஜுவின் கையில் தானாகவே வேகம் ஏறிவிடும்.

லேசர் சிகிச்சை என்ற எண்ணமே முதலில் அவளுக்கு இல்லை. ஆசைப்பட்டது நாரே. கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு வகுப்பில் பாதிப் பேர் கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளக் கிளம்பிவிட, அவளும் அடம்பிடித்தாள். இருவரும் நகரத்தின் நடுவில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். கண்ணாடி மாளிகை, நாலு மாடி. சிரித்த முகத்தோடு வந்த ஆலோசகப் பெண், இன்றே பரிசோதனை, இன்றே சிகிச்சை, நாளைக்கு எல்லாம் தெளிவு என்றாள். அம்மாவும் சேர்ந்து செய்துகொண்டால் சலுகை உண்டு என்றும் சொன்னாள். நாரே அப்போது கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்ததை அவள் கேட்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை.

கும்ஜு மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். நாரேக்குக் கோபம்.

"ஏம்மா இப்படி மானத்த வாங்குற?"

"கட்டில்ல படுக்கிறவங்கள ஊற வைக்காம நானே தொட மாட்டேன். இவ கண்ணையே தொடறேங்குறா, ஒரு வார்த்த கேக்கல."

அடுத்துப் போனது கப்பல் பட்டறைத் தெருவில் ஒரு சின்ன மருத்துவமனை. டாக்டரின் குடும்பப் பெயர் மேங். அந்த ஊர் மொழியில் அந்த ஒலிக்குக் குருடு என்றும் ஒரு பொருள் உண்டு. தெருவில் அதை வைத்துக் கேலி செய்யாதவர் இல்லை. போதாக்குறைக்கு அவரே தடித்த கண்ணாடி போட்டிருந்தார். லேசர் செய்கிற டாக்டருக்கு ஏன் கண்ணாடி என்று கும்ஜு நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்குக் கண்ணீர் சுரக்குறது கம்மிங்க. லேசர் பண்ணா இன்னும் வறண்டு போயிடும். அதனால எனக்கு நானே வேண்டாம்னுட்டேன்" என்றார் அவர்.

அந்தப் பதிலில் அவளுக்கு ஆள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் நாரேயை உடனே சோதிக்கவில்லை. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே அழுத்தி மாற்றியிருக்கும், இரண்டு வாரம் கழற்றி வைத்துவிட்டு வா என்று அனுப்பினார். வந்தபோது அரை நாள் சோதனை. கருவிழியின் தடிமன், மேடு பள்ளம், கண்ணீரின் அளவு, இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது, சொட்டு மருந்து விட்டு விழித்திரை. கடைசியில், ஒரே வருடத்தில் நாரேயின் பவர் இரண்டுமுறை ஏறியிருக்கிறது, இன்னும் நிலைக்கவில்லை, இப்போது செய்தால் மறுபடி கண்ணாடி வரும், இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம் என்றார். நாரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். துணைக்கு வந்த கும்ஜுவின் பவரோ பத்து வருடத்துக்கு மேலாக அசையவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் நீங்களும் உட்காருங்கள் என்று அவளையும் சோதித்தார்கள்.

டாக்டர் முதலில் கேட்டது என்ன வேலை என்று. சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவளுடைய கருவிழி கொஞ்சம் மெல்லியது. மேலே ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறந்து, லேசர் செய்து மூடுகிற முறையில் மறுநாளே நன்றாகத் தெரியும். ஆனால் இவளுக்கு மிச்சம் இருக்கும் தடிமன் போதாது, கை கால் முகத்தில் இடிக்கிற வேலைக்கும் அது ஆகாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் செய்கிற முறை சரிப்படும். அதில் மூன்று நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், கிருமி வந்தாலோ தழும்பு விழுந்தாலோ இதைவிட மோசமாகவும் போகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு வயதைப் பற்றிப் பேச்சை எடுத்தார்.

"உங்களுக்கு நாப்பத்தி நாலு. செல்போன்ல சின்ன எழுத்துன்னா கண்ணாடியக் கழட்டிட்டுக் கிட்ட வச்சுப் படிக்கிறீங்கல்ல? லேசர் பண்ணா அது போயிரும். தூரம் தெரியும், கிட்டக்கப் படிக்கக் கண்ணாடி வேணும். இத யாரும் சொல்லலன்னு நாளைக்கு வந்து என்கிட்ட சண்ட போடக்கூடாது."

கும்ஜு ஒரு வாரம் யோசித்தாள். அந்த வாரத்தில்தான், களைத்துப்போய்க் கட்டிலில் சும்மா சாய்ந்திருந்த ஒருத்தியைத் தேய்ப்புக்குக் காசு கட்டியவள் என்று நினைத்துப் பாதி முதுகு தேய்த்து முடித்தாள். அவளும் இது இலவசம் போலிருக்கிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். குளியலகத்தில் படிக்க என்ன இருக்கிறது, ஆள் தெரிந்தால் போதும் என்று கும்ஜு தீர்மானித்துவிட்டாள்.

பிப்ரவரியில் சிகிச்சை நடந்தது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். மினுக்கும் ஒரு வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுவது போல ஒரு வாடை, எண்ணி நாற்பது விநாடி, அடுத்த கண். இவ்வளவுதானா என்று வீட்டுக்கு வந்தவளுக்கு இரவுக்குள் கண்ணில் ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்தது போல எரிச்சல். திரைச்சீலையை இழுத்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். கோபமாய் இருந்த நாரேதான் அலாரம் வைத்து நேரம் தவறாமல் மருந்து விட்டாள், கடற்பாசி சூப் ஊட்டினாள், கண்ணைக் கசக்கப் போன கையை அடித்தாள். இரண்டாவது வாரமும் எல்லாம் புகைமூட்டமாகவே தெரிய, மோசம் போய்விட்டோம் என்று கும்ஜு அழுதுகொண்டே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். இந்த முறையில் அப்படித்தான் இருக்கும், சோதனை நாளைத் தவறவிடாமல் வாருங்கள், இப்போது அழக்கூடத் தடையில்லை என்றாள் நர்ஸ். ஆறாவது வாரம் ஜன்னல் வழியாகத் துறைமுகத்துப் பளுதூக்கியில் எழுதியிருந்த எண்ணைப் படித்துவிட்டு நாரேயைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அதுவரை ஆவிப்பக்கமே போகக் கூடாது. ஹா என்ற குளியலக முதலாளியம்மா, கும்ஜு தன் சொந்த ஊரான நம்ஹேக்குப் போயிருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். அது கும்ஜுவே கேட்டுக்கொண்டது. கண் தெரிகிறது என்று தெரிந்தால் பழகியவர்கள் கூச்சப்பட்டு வேறு இடம் போய்விடுவார்களோ என்று பயம்.

வேலைக்குத் திரும்பிய அன்று செவ்வாய்க்கிழமை. முதலில் கண்ணில் பட்டது ஓடுகளின் இடுக்கில் இருந்த பாசி. இத்தனை வருடம் இதற்குள்ளா நின்றோம் என்று பிரஷ் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்த ஊமைப் பெண் இரண்டுமுறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து, சாவியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துக் குப்புறப் படுத்தாள்.

கும்ஜு பக்கவாட்டில் அந்த முகத்தைப் பார்த்தாள். உறை மாட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு முதுகைத் தேய்த்தாள். கட்டில் இரண்டு முறை தட்டப்பட்டது.

"திரும்புங்க, பில்நம் அக்கா."

படுத்திருந்தவள் திரும்பவில்லை. குப்புறப் படுத்தபடியே வாய் திறந்தாள்.

"உனக்கு எப்பத்துலேருந்து கண்ணு தெரியுது?"

"போன மாசத்துலேருந்து."

"அந்த வாளைமீன் அன்னிக்குப் பிடிச்சதுதான்."

"அதோட கண்ணு வெள்ளையா இருந்துச்சு."

"உன் கண்ணாடி வெள்ளையா இருந்துச்சு. பக்கத்துல மீன்கேக் சூப் அண்டா ஆவி பறக்கக் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, மறந்துட்டியா?"

கும்ஜு யோசித்துப் பார்த்தாள். அண்டா இருந்தது உண்மை.

"ஆறு வருஷமா உங்களப் பத்தி உங்ககிட்டயே திட்டியிருக்கேனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ என்னைத் திட்டும்போதுதான் நல்லா அழுத்தித் தேய்ப்ப. அதுக்குத்தான வந்தேன்."

தொட்டியில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். முதலாளியம்மா ஹாவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். அவள் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று கும்ஜு பில்நம்மைத் தோல் சிவக்கத் தேய்த்தாள். மாலையில் வீட்டு வாசலில் மூன்று வாளைமீன்கள் தொங்கின. கண் பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனாள்.

விஷயம் வெளியே வந்ததில் இரண்டு வாரம் எல்லாரும் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். மூன்றாவது வாரம் மறந்துவிட்டார்கள். அவள் பயந்ததுபோல யாரும் போய்விடவில்லை.

கோடைவரை துறைமுக விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது, பிறகு குறைந்தது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னதால், காய்கறி வாங்கப் போகும்போதுகூட சினிமாக்காரி மாதிரி போனாள். கண் வறட்சிக்கு மருந்துக்குப்பி எப்போதும் பெட்டியில் இருந்தது.

இப்போது கட்டிலில் படுக்கிறவர்கள் லேசரைப் பற்றியும் அவளிடம்தான் கேட்கிறார்கள். மூன்று வாரத்தில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண், அடுத்த நாளே செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். கண்ணில் லென்ஸ். எத்தனை நாளாய்ப் போடுகிறாய், உன் வீட்டில் யாருக்காவது கருவிழிக் கோளாறு உண்டா என்று மேங் டாக்டர் பாணியில் கும்ஜு கேட்டாள். அப்பாவுக்குக் கருவிழி கூம்பு மாதிரி ஆகிவிட்டது என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக. கும்ஜு தேய்ப்பதை நிறுத்திவிட்டு, நாளைக்குப் போகாதே, லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மேங் டாக்டரிடம் போ, அப்பா கதையை முதல் வார்த்தையாகச் சொல் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள்.

சோதித்ததில், அந்தப் பெண்ணுக்கும் அதே கோளாறின் ஆரம்பம் இருந்தது. லேசர் பட்டிருந்தால் கண் இன்னும் நலிந்திருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் டாக்டர். கல்யாணத்துக்கு அந்தப் பெண் சிவப்புச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடியோடு நின்றாள். கும்ஜுவையும் அழைத்திருந்தாள். விருந்தில் யாரோ, மணப்பெண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க, முதுகைத்தான் முதலில் தெரியும் என்று சொல்லிவிட்டு, கும்ஜு இன்னொரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கப் போனாள்.