காப்ஸ்யூலுக்குள் ஒரு மாடு

என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, மூவார் பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஒரே தேத்தண்ணீரை ஆளுக்கொரு விதமாகப் போட்டுக் கொடுப்பார். இவருக்கு இனிப்பு குறைவு, அவருக்குப் பால் கூடாது, மூலையில் இருக்கிறவருக்கு இஞ்சி தட்டிப் போடணும் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். நான் டாக்டராகி, மாசாயில் ஓர் அரசாங்க கிளினிக்கில் உட்கார்ந்து மனச்சோர்வுக்கு மருந்து எழுதத் தொடங்கியபோது, இதுவும் அத்தாவின் கடை மாதிரிதான் என்று நினைத்தேன். இல்லை. முகத்தைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வோம். கேள்வி கேட்க வேண்டும், சலிக்காமல் கேட்க வேண்டும்.

இந்த மருந்துகளுக்குள் பலனில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவை கூட்டிக்கொண்டு வருகிற தொல்லைகள்தான் வேறு வேறு. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற ஒருவனுக்கு, மறுநாள் காலை வரை கண்ணைச் சொருகவைக்கிற மாத்திரையை எழுதினால் அவன் லோரிக்கு அடியில்தான் போய் முழிப்பான். அதே மாத்திரை, சோறும் தூக்கமும் இல்லாமல் எலும்பாய்ப் போன இன்னொருவருக்கு வரப்பிரசாதம். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போடுகிற வயதானவர் என்றால் இரத்தத்தில் உப்பு இறங்கிவிடுமோ என்று பார்க்க வேண்டும். முட்டி வலிக்குத் தினமும் மாத்திரை விழுங்குகிறவர் என்றால் வயிற்றில் இரத்தம் கசியுமோ என்று யோசிக்க வேண்டும். எல்லாரையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தூக்கமே இல்லாமல், களைப்பே தெரியாமல், ஊரையே விலைக்கு வாங்குகிற உற்சாகத்தில் திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்தனவா? அதைக் கேட்காமல் எழுதினால், படுத்துக் கிடந்தவர் எழுந்து கூரைமேல் ஏறிவிடுவார்.

இவ்வளவையும் கேட்டு முடிப்பதற்குள் வெளியே காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வரும்.

"தேத்தண்ணியா லா இது, உடனே கலக்கிக் குடுக்க? உக்காருங்க!" என்று கத்துவேன். உட்கார்ந்துவிடுவார்கள்.

இத்தனை கேள்விகளிலும் மாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இருந்ததில்லை. அதைச் சேர்க்க வைத்தவர் ஓர் அக்கா.

ஐம்பது வயது இருக்கும். பாசிர் கூடாங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கணவர் லோரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். முதல்முறை அவரை இழுத்துக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் நாத்தனார். அக்காவுக்கும் சேர்த்து நாத்தனார் பேசினார்.

"வேல விட்டு வந்தா படுக்கறாங்க டாக்டர். எந்திரிச்சா அழுவறாங்க. அழுதுட்டு மறுபடி படுத்துக்கறாங்க. எங்கண்ணன் வந்தா சோறு போடறாங்க, ஆனா மொகத்தப் பாக்க மாட்றாங்க."

நாத்தனாரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் கேள்விகளை எல்லாம் கேட்டேன். தூங்கித் தூங்கியும் அசதி தீராதவர் என்பதால் தூக்கம் தருகிற மருந்து வேண்டாம், கொஞ்சம் சுறுசுறுப்பைத் தருவதாக இருக்கட்டும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இவருடைய பகல் எது, இரவு எது என்று இவருக்கே குழப்பம். ஆகவே ஒரு வேளை தவறினாலும் ரகளை செய்யாத மருந்தாகவும் இருக்கட்டும். ஃப்ளூஆக்ஸெடின் என்று ஒன்று உண்டு. உடம்புக்குள் போனால் வாரக்கணக்கில் தங்கும், லேசில் கிளம்பாத விருந்தாளி. அதையே எழுதினேன். காப்ஸ்யூல்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு மலாய்க்காரத் தம்பி இருக்கிறார். மருந்தாளர், தங்கமான மனிதர். காப்ஸ்யூல் வாங்குகிற யாராக இருந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "ஹலால், காக். ஜாங்ஙான் ரிசாவ்" என்று சொல்லி அனுப்புவார். கவலைப்படாதீங்கக்கா என்று அர்த்தம். அக்காவுக்கும் சொன்னார். அக்காவும் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனார்.

மருந்து வேலை செய்தது. ஒன்றரை மாதத்தில் நாத்தனார் சந்தோஷமாகப் புகார் கொண்டுவந்தார். "இப்பல்லாம் எங்கூட சண்ட போடறாங்க டாக்டர்! நான் வெச்ச கொழம்புல உப்பு பத்தலயாம்!" என் தொழிலில் இதைவிட நல்ல சேதி வராது. அக்கா சிரித்தார். முன்பல் ஒன்று சற்றுத் தூக்கலாக இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மனசு தெளிந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. தெளிந்துவிட்டதால் விரதம் தொடங்கினார். கவிச்சி கிடையாது, தரையில் பாய், தனிப் பாத்திரம், எல்லாம் சுத்தம். அந்த நேரம் பார்த்து, கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேதி சுற்றியிருக்கிறது. காப்ஸ்யூலின் மேல் உறை மிருகங்களின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருகிறது, பக்தர்களே கவனம் என்று. நாத்தனார் அதைப் படித்துவிட்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போனார். பிற்பாடு எனக்கு அவரே நடித்துக் காட்டியது:

"அண்ணி, அந்த மருந்து ஹலால்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"ஹலால்னா பன்னி இல்ல. பன்னி இல்லன்னா?"

அக்கா யோசித்திருக்கிறார். நாத்தனார் காத்திருக்கிறார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்திருக்கிறது.

"அலாமாக்," என்றாராம் அக்கா, மலாயில் ஐயையோ என்று.

இந்த ஊரில் மட்டும்தான் இப்படி நடக்கும். என்னைப் போன்ற முஸ்லிம்களின் நிம்மதிக்காக ஒட்டிய ஒரு வார்த்தை, பக்கத்து வீட்டுக்காரரின் சமையலறையில் ஒரு மாட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அக்கா அன்றே காப்ஸ்யூலை நிறுத்தினார். என்னிடம் சொல்லவில்லை. நாத்தனார் விரதம் முடிகிறவரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பால்குடம் அமர்க்களமாக நடந்தது. தைப்பூசம் முடிந்ததும் அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. மருந்து போடுறீங்களா என்றேன், ம்ம் என்றார். கிளம்பாத விருந்தாளி உள்ளே மிச்சம் இருந்தது. அந்தக் களையில் முருகனுக்கு எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க எனக்குத் தகுதி இல்லை. கொஞ்சமாவது மருந்துக்கு உண்டு என்பது மட்டும் என் கட்சி.

பிறகு விருந்தாளி கிளம்பிவிட்டது.

நாத்தனார் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டை தோளில் தொங்கியது. தொழிற்சாலையில் விடுப்பு சொல்லக்கூட எழுந்திருக்கவில்லையாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு, அக்காவே பேசினார்.

"நான் மாட்டத் தின்னுட்டேன் டாக்டர். மாசக்கணக்கா தின்னுருக்கேன். அத வயித்துல வெச்சிக்கிட்டே கொடத்தத் தூக்கிட்டுப் போயி அவரு முன்னாடி நின்னேன். அதான் குடுத்தத திருப்பி எடுத்துக்கிட்டாரு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்துக் கேட்க வேண்டியதை வளைக்காமல்தான் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது.

"சாகணும்னு தோணுதாக்கா?"

"தோணுது."

"எப்படின்னு ஏதாச்சும் யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்ல. காலையில முழிக்காம இருந்துட்டா போதும்."

எனக்குப் பயமாக இருந்தது. அறையை விட்டு வெளியே வந்து, பெரிய ஆஸ்பத்திரியின் மனநல டாக்டருக்குப் போன் போட்டேன். இருவரும் பேசி முடிவு செய்தோம். வேறு மருந்து, செர்ட்ராலின். ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பது, அதுவும் நாத்தனார் கையில். அவர் அக்கா வீட்டிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். வாரா வாரம் நான் பார்க்க வேண்டும். நிலைமை இறங்கினால் நேரே ஆஸ்பத்திரி.

செர்ட்ராலினைத் தேர்ந்தெடுக்க மருத்துவக் காரணங்கள் இருந்தன. இருந்தாலும் அன்றைய முதல் காரணம், அது காப்ஸ்யூல் அல்ல, மாத்திரை என்பதுதான். நான் சொன்னால் அக்கா நம்ப மாட்டார். மருந்தாளர் தம்பியை அறைக்கே கூப்பிட்டேன். அவர் உறையில் இருந்ததை எல்லாம் படித்தார். அதிலும் திருப்தி இல்லாமல் மருந்து அனுப்புகிறவர்களைப் போனில் பிடித்து, ஒவ்வொரு பொருளும் எதிலிருந்து வருகிறது என்று விசாரித்துவிட்டு வந்தார். எல்லாம் செடியும் சுண்ணாம்பும்தான். பிறகு அக்காவின் முன்னால் குனிந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக இப்படிச் சொன்னார்:

"லெம்பு பூன் தாக் அடா, காக்."

மாடும் இல்லை. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அக்கா பெட்டியைத் தொடவில்லை. "இதுல இல்ல, சரி. முன்ன தின்னது?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில் குருக்களுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, மேசையில் இரத்த அழுத்தக் கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கத்துக் கோயில் மணிச்சத்தம் அறையையே நிரப்பியது. குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், என்னைவிட இளையவர். விஷயத்தை நானே சொன்னேன். தலையில் முக்காடும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு டாக்டர், குருக்களிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு நிற்பதை அத்தா பார்த்திருந்தால் கடையில் ஒரு வாரம் அதையே பேசியிருப்பார்.

"டாக்டர், அவங்க அத ருசிக்காகவா சாப்பிட்டாங்க?" என்று கேட்டார் குருக்கள்.

"இல்லங்க. நோய்க்கு."

"அப்ப அத சாப்பாட்டுக் கணக்குல யாரு சேத்தா?"

நாத்தனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அம்மா, கேக்குதா? உங்க கொடத்துப் பாலை என் கையாலதான் ஊத்தினேன். வேணாம்னு தோணியிருந்தா அவர் அன்னைக்கே காட்டியிருப்பார். வாங்கி வெச்சுக்கிட்டு, ரெண்டு மாசம் கழிச்சு யோசிச்சுப் பாத்து தண்டிக்கிற சாமி இல்லம்மா அவரு. மருந்தப் போடுங்க. வெச்சுடறேன், அர்ச்சனைக்கு ஆள் நிக்குது."

பெரிய பெரிய நிபுணர்களிடம் நான் ஆலோசனை கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை. அக்கா மேசையிலிருந்து பார்வையை எடுக்காமலே கையை மட்டும் நீட்டினார்.

"குடுங்க."

குருக்கள் இறக்கிவைத்தது அக்காவின் பாரத்தில் ஒரு மூட்டையைத்தான். நோய் அப்படியே இருந்தது. மாத்திரையின் நல்லது மெதுவாக வரும், தொல்லை முந்திக்கொண்டு வரும் என்று இருவரிடமும் சொல்லி அனுப்பினேன். முதலில் அரை மாத்திரை, சாப்பிட்ட பிறகு. வயிறு புரட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருப்புக் கொள்ளாமல் நடையாய் நடந்தாலோ, தூக்கமே போய்விட்டாலோ, சாவைப் பற்றிய பேச்சு கூடினாலோ உடனே என்னைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, யார் என்ன சேதி அனுப்பினாலும் தானாக நிறுத்தக் கூடாது. இந்த மருந்து முன்னதைப் போலத் தங்குகிற விருந்தாளி அல்ல, சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றவைத்துவிடும். நிறுத்துகிற காலம் வந்தால் நானே படிப்படியாக இறக்குவேன்.

நாத்தனார் இதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டார். அக்கா குளியலறைக்குப் போனால் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். இரண்டாம் வாரம் அக்கா என்னிடம், "இவள கொஞ்சம் அவ வீட்டுக்குப் போவச் சொல்லுங்க டாக்டர்," என்றார். குரலில் உயிர் இல்லை. ஆனாலும் அது ஒரு புகார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அரை மாத்திரையை முழு மாத்திரையாக்கினேன்.

ஒவ்வொரு வாரமும் அவர் வர வேண்டிய நாளில் எனக்குக் காலையிலிருந்தே வேலை ஓடாது. வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். மற்றவர்களிடம் சிடுசிடுப்பேன். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் என் மூச்சு சீராகும். பசி, தூக்கம், வயிறு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பேன். தோணுது என்பார். பிறகு ஒரு வாரம், கொஞ்சம் தோணுது என்றார். அடுத்த வாரமும் கொஞ்சம்தான்.

அப்புறம் ஒரு நாள் அக்கா தனியாக வந்தார். மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற வழியாம். தொழிற்சாலைச் சீருடை, ஈரத் தலை, கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். நாத்தனாரின் குழம்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் குறை சொன்னார். நான் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இந்த வாரம் சாகணும்னு தோணுச்சாக்கா?"

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில், ஏதோ தப்புச் செய்துவிட்டவரின் திடுக்கிடல் வந்தது.

"டாக்டர்," என்றார், "இந்த வாரம் அத நெனைக்கவே மறந்துட்டேன்."