இருபது வெறும் கண்ணாடிகளும் ஒரு டெலி லென்ஸும்

1. பெட்டி திரும்பி வந்த நாள்

செல்லையா டிஸ்பென்சர் மரப்பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்தார். உள்ளே இருபது கண்ணாடிகள். படம் பிடித்த பிளேட்டுகள் என்று சொல்ல வழியில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தெருவில் போன ரிக்சாவும் அதில் இருந்தவரின் குடையும் மறுபக்கம் துல்லியமாகத் தெரிந்தன. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடியின் மேல் படம் விழும் மருந்துப் பூச்சு இருந்தது. அந்தப் பூச்சில் யானைகள் இருந்திருக்க வேண்டும்.

"யானை எங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"கழுவுப்பட்டுப் போச்சுது தம்பி," என்றார் அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டி திருகோணமலை வீதியில் காசிம் முதலாளியின் கமராச் சாமான் கடையில் நான் கவுண்டரில் நின்றேன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். எழுதப் படிக்கத் தோட்டப் பள்ளியில் கற்றேன், படத்தொழிலைச் சாமான்களோடு வரும் தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றேன். ஐந்து வருடம் பின்னறையில் மருந்து கலக்கிய பிறகுதான் கவுண்டருக்கு வந்தேன். அதனால் கவுண்டர் எனக்குப் பெரிய இடம்.

செல்லையா ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்துக்காரர். இருமலுக்கும் அட்டைக்கடிக்கும் மருந்து கலந்து கொடுத்தே தலை நரைத்தவர். எதையும் அளந்து, அளந்ததை எழுதி வைக்கும் மனிதர். அவர் பேசினால் நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்பேன்.

2. நான் தெரிவு செய்து கொடுத்தவை

முதல் தடவை அவர் கடைக்கு வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று: யாலப் பக்கத்துக் காட்டில் யானையைப் படம் பிடிக்க என்ன கமரா நல்லது? இன்று தேசியப் பூங்கா என்கிறோமே, அந்த இடம் அன்று சுடக் கூடாத சரணாலயம் மட்டும்தான். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு வருட லீவைச் சேர்த்து வைத்து, சீட்டும் எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எதுக்கு ஐயா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"எங்கட துரைமார் பங்களாவுக்குப் போய்ப் பாரும். சுவரெல்லாம் தலையும் தோலும். செத்ததை எல்லாரும் மாட்டியிருக்கினம். உயிரோட நிக்கிறதை நான் ஒண்டு மாட்டவேணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப் போயிற்று. நல்லதையே கொடுத்துவிட வேண்டும் என்று அலுமாரியில் இருந்ததில் பெரியதை எடுத்தேன். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் படம் விழும் குவாட்டர் பிளேட் ரிஃப்ளெக்ஸ் கமராப் பெட்டி, அதற்கு முழங்கை நீளத்தில் ஒரு டெலி லென்ஸ், தேக்கு மர ஸ்டாண்ட், இரண்டு டசின் பிளேட். தூரத்தில் நிற்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ் அது. யானைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அவரை வாவிக் கரைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தும் காட்டினேன். நடுப்பகல். வாவி நடுவிலுள்ள தீவின் மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. படத்தில் ஒவ்வோர் இறகும் தனித்தனியாக விழுந்தது. செல்லையா அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நானும் பெருமையோடு நின்றேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். "ஐயா, அன்னன்னைக்கு எடுத்ததை அன்னன்னைக்கே டெவலப் பண்ணிப் பாத்துருங்க. தப்பு இருந்தா அடுத்த நாளே திருத்திக்கலாம்." படத்தை எழுப்பும் டெவலப்பரும் அதை நிலைக்க வைக்கும் ஹைப்போவும் பொட்டலம் கட்டி, இருட்டுக்கு ஒரு சிவப்பு விளக்கும் கொடுத்தனுப்பினேன்.

கண்டியில் இருந்துகொண்டு சொன்னால் இது நல்ல யோசனைதான். குறை அங்கேதான் இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

3. எண்பத்தொன்பது

இனிக் கண்ணாடி வந்த நாளுக்கு வருகிறேன். சத்தம் கேட்டு முதலாளி உள்ளிருந்து வந்தார். ஒரு கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டர் ஐயா, சாமான்ல ஒரு கொறையும் இல்ல. இது கைப்பழக்கம். நெறையப் பேர்க்கு மொதல்ல இப்பிடித்தான் வரும்."

"ஓம் முதலாளி. என்ர கைதான் பிழை," என்றார் செல்லையா. "முதல் நாள் ரெண்டு பிளேட் கழண்டு போச்சுது. ஹைப்போ கூடிப் போச்சு எண்டு நினைச்சுக் குறைச்சன். அடுத்த நாளும் கழண்டுது. பிறகு கூட்டிப் பாத்தன். டெவலப்பரை மாத்திப் பாத்தன். நோய் மாறாட்டில் மருந்தின்ர அளவை மாத்திறதுதானே என்ர தொழில்? அப்பிடியே இருபதையும் முடிச்சிட்டன். பயத்தில நாலை மட்டும் கழுவாமல் கொண்டந்திருக்கிறன்."

முதலாளி சிரித்தார். செல்லையாவும் சிரித்தார். பிறகு கமராவைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கோ. ஆரும் கைப்பழக்கம் உள்ளவன் வாங்கட்டும். லீவில இன்னும் பதினைஞ்சு நாள் கிடக்குது. மழை வந்தால் யானை குளத்தடிக்கு வராது. உந்தக் கையை வச்சுக்கொண்டு நான் இனிப் போய் என்ன செய்யிறது?"

அவருடைய குறிப்புப் புத்தகம் பெட்டிக்குள் கிடந்தது. சும்மா புரட்டினேன். நோயாளிகளுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார். 'மாலை 5.50. யானை ஏழு, குட்டி இரண்டு. பெட்டி டக்கென்றதும் மான்கள் ஓடின. கழுவிய தண்ணீர் 89.'

எண்பத்தொன்பது. அதற்கு மேல் எனக்கு வாசிக்க முடியவில்லை.

பிளேட் பெட்டிக்குள் வரும் தாளில் தண்ணீர் அறுபத்தைந்து டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நான் அதை ஒரு தடவை படித்துவிட்டு மறந்தவன். கண்டிக் குழாயைத் திறந்தால் எழுபதை ஒட்டித்தான் வரும், அதில் எந்தப் பிளேட்டுக்கும் கெடுதி வந்ததில்லை. யாலப் பக்கத்து வெப்பமான கீழ்நாட்டுக் குளத்துத் தண்ணீரில் நான் கைகூட நனைத்ததில்லை. அங்கே போய்க் கழுவுங்கள் என்று சொன்னவன் நான்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முதலாளிக்குக் குறை கடைமேல் இல்லை. செல்லையாவுக்கும் தன் கைமேல்தான் கோபம். ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. கொஞ்ச நேரம் அப்படித்தான் நின்றேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்த மனிதர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகத் துளி பிசகாமல் மருந்து அளந்த கை அது.

பின்னறைக்குப் போய்த் தேநீர்க் கேத்தலில் தண்ணீரைச் சூடாக்கினேன். டார்க் ரூம் தெர்மாமீட்டரை வைத்து எண்பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தேன். கழிவுப் பிளேட் ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

முதலில் ஓரம் சுருங்கியது. பிறகு பூச்சு முழுவதும் பாலாடை மாதிரி மடிந்து நழுவித் தட்டில் மிதந்தது. கண்ணாடி மட்டும் மிஞ்சியது.

"ஐயா, உங்க கையில தப்பில்ல. தண்ணியிலதான் தப்பு. அங்கேயே கழுவச் சொன்னவன் நான். தப்பு எம்மேலதான்."

செல்லையா குனிந்து தட்டையே பார்த்தார். பிறகு, "அப்ப ஹைப்போவில பிழையில்லை?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க."

"நான் கலந்தது சரி?"

"சரிதாங்க."

அவர் நிமிர்ந்து நின்ற விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலாளி என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

"உண்மையச் செல்லாம ஈந்தா ஒனக்கு என்னடா கொறஞ்சி போகும்? நான் ஒரு மாதிரி அந்தாளச் சமாளிச்சிட்டு ஈக்கன், நீ கேத்தல வெச்சிக்கிட்டு வாற! சரி, செஞ்சது செஞ்சாச்சி. அவருக்கு நீயே மறுபடி சாமான் தெரிஞ்சி குடு. இன்னொருக்கா வெறுங் கண்ணாடி வந்திச்செண்டா ஒனக்குக் கவுண்டர் இல்ல. பின்னால போய் ஹைப்போ கலக்கு."

4. மறு தெரிவு

கழுவாத நாலு பிளேட்டையும் அன்று மாலையே நான் கழுவினேன். பூச்சு நின்றது, ஆனால் யானை நிற்கவில்லை. நாலிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பொதி.

"இது யானையோ மேகமோ?" என்றார் செல்லையா.

"யானைதாங்க. ஆடிருச்சு."

குறிப்புப் புத்தகத்தை இந்தத் தடவை அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். யானைகள் எல்லாம் மாலை ஐந்தரைக்குப் பிறகுதான் குளத்துக்கு வந்திருக்கின்றன. நான் கொடுத்த லென்ஸுக்கு நடுப்பகல் வெயில் வேண்டும். மாலை வெளிச்சத்தில் அது அரை செக்கன் திறந்து கிடந்தால்தான் படம் விழும். அரை செக்கனுக்கு எந்த யானை காதை ஆட்டாமல் நிற்கும்? வாவியில் வெயில் காய்ந்த நீர்க்காகத்தைப் பார்த்து நான் யானைக்கு லென்ஸ் கொடுத்திருக்கிறேன்.

டெலியைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். பதிலுக்கு வாய் அகன்ற, குட்டையான லென்ஸ் ஒன்றை எடுத்தேன். வெளிச்சத்தை நன்றாகக் குடிக்கும். வேகமான பிளேட்டும் எடுத்தேன்.

"இதுல ஒரு குறை இருக்குங்க ஐயா. யானை சின்னதா விழும். கிட்டக்கப் போகணும்."

"சின்னனா விழுந்தாலும் யானை யானைதானே. பெரிசா விழுந்த மேகத்தை நான் எங்க கொண்டுபோய் மாட்டிறது?"

மற்றவை அவர் சொன்னவை. படம் எடுக்கும்போது பெட்டிக்குள் பார்வைக் கண்ணாடி எகிறி மோதும் இடத்தில் புண்ணுக்குக் கட்டும் லின்ட் துணியை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டினார். 'டக்' என்றது 'தொப்' என்றாயிற்று. பித்தளை மினுங்கும் இடத்திலெல்லாம் கறுப்புத் துணி சுற்றினார். ஸ்டாண்டின் காலைக் குட்டையாக அறுக்கச் சொன்னார். மறைவுக்குள் குந்தியிருக்கிறவனுக்கு ஆளுயர ஸ்டாண்ட் எதற்கு? முதலாளி பார்க்காத நேரமாக அறுத்தேன்.

மிச்சமிருந்தது பிளேட்டுகளைக் கழுவாமல் கண்டிக்குக் கொண்டுவரும் வழி. கீழ்நாட்டுப் புழுக்கத்தில் ஒரு வாரம் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எனக்கு வழி தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

செல்லையா யோசித்தார். "தேயிலை ஈரத்தைக் குடிக்கும் தெரியுமே? நாங்கள் சுடச்சுட ஈயத்தாள் போட்டு அடைக்கிறது அதுக்குத்தான். பெட்டி திறந்து கிடந்தால் ஒரு கிழமையில தூள் நமுத்துப் போகும்."

அடுத்த வாரம் தோட்டத்து ஃபெக்டரியில் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு தூளை வாங்கி, ஈயத்தாள் வைத்த சின்னப் பெட்டியில் பாதிக்கு நிரப்பிக்கொண்டு அவர் தெற்கே போனார். எடுத்த பிளேட்டைக் கறுப்புத் தாளில் சுற்றித் தூளுக்குள் புதைப்பது, மூடியை மெழுகுத் துணியால் கட்டுவது, காட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படவிடாமல் திரும்பி வருவது. பன்னிரண்டு பிளேட், ஏழு நாள்.

5. பன்னிரண்டு பிளேட்

எட்டாம் நாள் பின்னேரம் தேயிலை வாசத்தோடு வந்து இறங்கினார். முகம் கறுத்து, தாடி வளர்ந்திருந்தது.

"முதலாளி, இவர்தான் கழுவவேணும்," என்று என்னைக் காட்டினார்.

டார்க் ரூமுக்குள் மூன்று பேரும் நின்றோம். நான் தட்டை ஆட்டினேன். முதல் பிளேட் கறுப்பு. இரண்டாவதில் மரம் மட்டும். மூன்றாவதில் ஒரு வால்.

"வால் நல்லா வந்தீக்கி," என்றார் முதலாளி. யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாவதில் தண்ணீர்க் கோடு முதலில் எழுந்தது. அதன் மேல் கால்கள், நாலு பெரியது, நாலு சின்னது. தாய் தும்பிக்கையை நீரில் விட்டிருந்தது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் நின்று எங்களைப் பார்த்தது. தீப்பெட்டி அளவில்தான் இருந்தன இரண்டும். ஆனால் கண் தெரிந்தது, காதின் விளிம்பு தெரிந்தது. ஹைப்போவில் போட்டு, குழாயில் கழுவி, வெளியே கொண்டுவந்து காட்டினேன். செல்லையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பயப்பிடேல்ல, என்ன?" என்றார். குட்டியைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

பன்னிரண்டில் தேறியவை மூன்று. முதலாளி கவுண்டரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் போய் நின்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். லென்ஸின் பெருமையை அப்புறம் சொல்லுங்கள். எந்த மிருகம், எத்தனை மணிக்கு வரும், அங்கே வெளிச்சம் எப்படி, தண்ணீர் எப்படி என்று முதலில் கேளுங்கள். நீங்கள் போகாத இடமென்றால் போனதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளைக்காரத் துரை சிறுத்தையைப் படம் பிடிக்க வேண்டும் என்று வந்து, அலுமாரியில் இருந்த அந்த டெலி லென்ஸைக் கைகாட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில், அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை, சிறுத்தை எந்நேரம் வரும் என்றும் தெரியாது, தெரியாமல் இதை விற்கமாட்டேன் என்றேன். உள்ளே முதலாளி பலமாக இருமினார். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், காட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.