மகிமா வாங்கிய தொண்ணூற்றாறு

எர்ணாவூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிறவள் அல்ல. கல்யாணமாகி உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் அப்படி இல்லை. தினமும் "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு வந்த ஒருவன், அவள் உள்ளே போய்த் துவரம்பருப்பு அள்ளி வருவதற்குள் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவள் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். கையைத்தான் பார்ப்பாள். அலமாரியில் சரக்கெடுக்கத் திரும்பினாலும் பின்னால் நடப்பது தெரிய வேண்டும் என்று ஒரு கண்ணாடியை வேறு சுவரில் மாட்டி வைத்திருந்தாள். "நீ போலீசுக்குப் போயிருக்கணும்" என்பான் புருஷன் நெல்சன். பாரிமுனைக்குப் போய்ச் சரக்கெடுத்து வருவது அவன் வேலை. கடையும் கல்லாவும் அவள் பொறுப்பு.

அவளுடைய ஒரே மகள் மகிமா திருவொற்றியூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்தாள். கணக்கு அவளுக்கு வராது. அரையாண்டில் பெயில். "கடையைப் பார்த்துக்கிடட்டும்" என்று தங்கபுஷ்பம் அப்போதே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

அப்படிப்பட்ட பெண் பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருப்பதாகப் போனில் வந்தது.

நெல்சன் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் அள்ளிக் கொடுத்தான். தங்கபுஷ்பம் போனை வாங்கி, பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் மறுபடி போடச் சொன்னாள். அதே தொண்ணூற்றாறு. "வேற மகிமா எவளாவது இருப்பாளோ?" என்றாள். மகிமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய பிள்ளை ஏன் கதவைச் சாத்துகிறது? தங்கபுஷ்பத்தின் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். பள்ளி முதல் மாணவி ரூத் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், 'கணிதத்தில் வியத்தகு முன்னேற்றம்' என்ற எழுத்துக்குக் கீழே மகிமா. பாராட்டு விழாவுக்குப் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்று தலைமையாசிரியை டெபோரா டீச்சர் போன் செய்தார். பழைய மாணவர்கள் கூடிச் சமைக்கிறார்களாம், எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடாம்.

"நம்மகிட்ட அரிசி மூட்டை கேக்கத்தான் இந்தச் சுத்தா?" என்றாள் தங்கபுஷ்பம், போனை வைத்ததும்.

"கேட்டா கொடுப்போம். எம் பிள்ளைக்குத்தானே விழா" என்றான் நெல்சன்.

ஆனால் யாரும் அரிசி கேட்கவில்லை. அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

பழையதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பொங்கல் கழிந்ததிலிருந்து மகிமா விளக்கு வைத்த பிறகுதான் வீடு வந்தாள். கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ் என்பாள். அவள் சீருடையைத் துவைக்கும்போது கருவாட்டு வாடை அடிக்கும். எண்ணூர்க் காற்றில் எல்லா வாடையும் அடிக்கும் என்று அப்போது விட்டுவிட்டாள். இப்போது விட முடியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஹபீபுல்லா, கடைக்குச் சீயக்காய் வாங்க வந்தான். பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏன் பாய், இந்த ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணி வரைக்கும் வச்சாவ?"

"இன்னாக்கா ஸ்பெஷல் கிளாஸு? சாயங்காலம் பெல் அட்ச்ச கொஞ்ச நேரத்துல வாட்ச்மேன் கேட்ட பூட்டிகினு பூடுவான். உன் பொண்ணு என் வண்டிலதான முகத்துவாரக்குப்பம் போயிகினு இருந்துச்சு? உன் கடைய தாண்டறப்போ மட்டும் தலைய குனிஞ்சிக்கும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. "நான் ஒண்ணியும் சொல்லலக்கா. பேஜாரு பண்ணாத" என்று சீயக்காயை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அன்றிரவு தங்கபுஷ்பம் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும் என்று நினைத்தாள். ஒரு பையன் இருக்கிறான், அது நிச்சயம். கேள்வித்தாளும் எங்கோ கை மாறியிருக்கிறது, அதுவும் நிச்சயம். நாளைக்கு ஊரைக் கூட்டி மேடையில் ஏற்றிய பிறகு விஷயம் வெளியே வந்தால் கடையில் எப்படி உட்காருவது?

விழாவுக்கு முந்தின நாள் அவள் தனியாகப் பள்ளிக்கூடம் போனாள். மைதானத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மைக்கில் யாரோ பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை அறையில் டெபோரா டீச்சரும் கணக்கு வாத்தியார் வரதனும் இருந்தார்கள்.

"டீச்சர், எம் மகளுக்குப் பரிசு வேண்டாம். பேரை எடுத்திருங்க."

"ஏம்மா?"

"அவ படிச்சு வாங்கல. ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு. நானே சொல்லுதேன்."

டெபோரா டீச்சர் பேனாவை மூடி வைத்தார். பிள்ளைகளுக்கு மார்க் போதவில்லை என்று சண்டைக்கு வரும் தாய்மார்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இப்படி ஒருத்தியை இதுவரை பார்த்ததில்லை. "மகிமாவைக் கூப்பிடுங்க சார்" என்றார்.

மகிமா ரூத்துடன் வந்தாள். இரண்டு பேர் கையிலும் வண்ணக் காகிதம். அம்மாவைப் பார்த்ததும் மகிமாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். டெபோரா டீச்சர் மெதுவாக விஷயத்தைச் சொல்லச் சொல்ல அது வடிந்தது.

"முகத்துவாரக்குப்பத்துக்கு எதுக்கு போனட்டி? சொல்லு" என்றாள் தங்கபுஷ்பம்.

"ரூத் வீட்டுக்கு. அவதான் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தா. நான் அவளுக்கு இங்கிலீஷ்."

"அதை எங்கிட்ட சொன்னா என்ன?"

"கருவாடு காயப்போடுறவங்க வீட்டுல உனக்கு என்ன ஜோலின்னு கேட்டிருப்ப. படிச்சும் பெயிலாயிருந்தா, எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லியிருப்ப."

வரதன் சார் குறுக்கே வந்தார். "பிப்ரவரியிலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சும்மா. சந்தேகம் கேக்க ஆரம்பிச்சிட்டா. கணக்குல சந்தேகம் கேக்குற புள்ள தேறிடும்."

"போதும், விடுங்க" என்றார் டெபோரா டீச்சர்.

மகிமா விடவில்லை. "இல்ல மிஸ். ஒரு கணக்குக் குடுங்க. புத்தகத்துல இல்லாதது. அம்மா பார்க்கட்டும்."

வரதன் சார் தயங்கித் தயங்கி அறையிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதினார். எட்டாவதோடு நின்ற தங்கபுஷ்பத்துக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ரூத் சாடை காட்டுகிறாளோ என்று அப்போதும் அவள் கண் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வந்தது. ரூத் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தங்கபுஷ்பம் மகளின் கையைப் பார்த்தாள். கள்ளத்தனம் செய்கிற கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு நொடி தயங்கும், பக்கத்தில் பார்க்கும், பிறகு அவசரப்படும். இந்தக் கை தயங்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் நின்றது, தப்பாக எழுதியதை அழித்தது, மறுபடி நிதானமாகப் போனது.

"சரியா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மகிமா வெளியே போனாள். ரூத் பின்னாலேயே ஓடினாள்.

மறுநாள் விழாவுக்குத் தங்கபுஷ்பம் போனாள். போகாமல் இருந்தால் நெல்சனுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்து நாற்காலியில் மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையுமாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ரூத்தின் அம்மா சிலுவையம்மாள்.

"நீதான் மகிமா அம்மாவா? தங்கமான பொண்ணு. எங்கூட்ல தரையில குந்திகினு, நண்டுக்கொழம்பு சோறு துன்னுட்டு, ரெண்டும் ஒரே சத்தமா கத்தி கத்திப் படிக்குங்கோ. அது வர்லன்னா எனக்கே வூடு வெறிச்சுன்னு கீது."

இவளுக்கு என்ன வேண்டியிருக்கிறது, எதற்கு இவ்வளவு குழைகிறாள் என்ற எண்ணம் தங்கபுஷ்பத்துக்குத் தானாகவே எழுந்தது. அந்த எண்ணத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு" என்று மட்டும் சொன்னாள்.

மேடையில் மகிமாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வரதன் சாருக்கு நன்றி சொன்னாள், ரூத்துக்கும் சிலுவையம்மாளுக்கும் சொன்னாள், கடலைமிட்டாய் கொடுத்த அப்பாவுக்குச் சொன்னாள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அம்மா என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. நெல்சன் திரும்பி மனைவியைப் பார்த்தான். தங்கபுஷ்பம் எல்லாரோடும் சேர்ந்து தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

மகிமா பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் இருக்கும் முதல் குரூப்பில் சேர்ந்தாள். சாயங்காலங்களில் முகத்துவாரக்குப்பத்துக்குத் தலையைக் குனியாமல் போனாள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தங்கபுஷ்பம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுக்கு அது பழக்கமில்லை. ஆட்டோ கடையைத் தாண்டும் நேரத்துக்கு ஹபீபுல்லாவை நிறுத்தி, ரூத் வீட்டுக்கென்று சில நாள் முறுக்கோ அதிரசமோ கட்டிக் கொடுத்தாள். மகிமா வாங்கிக்கொண்டாள். நன்றாக இருந்ததா என்று சொன்னதில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து ஒரு மத்தியானம், கடையில் ஆள் இருக்கும்போதே மகிமா நேராக உள்ளே வந்தாள். பையைக் கழற்றக்கூட இல்லை.

"பிசிக்ஸ்ல பெயில்மா. ரொம்பக் கம்மி."

தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனிக்கு நாலைந்து கேள்விகள் வந்து நின்றன. எல்லாமே பழைய கேள்விகள். எடைக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கீழே இறக்கினாள்.

"ரூத்துக்கு எப்படி?" என்றாள்.

"அவளும் தடுமாறுறா. அந்தப் பாடமே அப்படித்தான்."

"அப்ப ரெண்டு பேரும் இங்கனயே உக்காந்து படிங்க, ஒருநாள் விட்டு ஒருநாளாவது. மாடி சும்மாதான கிடக்கு. கத்திப் படிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மகிமா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது.

"கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.