சிப்செட்டுக்கு வைத்த சந்தனம்

ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலத்தில், அப்பாவின் சோதனையைத் தாண்டாமல் எந்தச் சாமானும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அப்பாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. வெளியிலிருந்து வருகிற உதிரிபாகங்களைக் காகிதத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப்பார்த்து, சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்று கையெழுத்துப் போடுவார். அந்தப் பழக்கத்தைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்ட அவருக்குத் தெரியாது. புதுக் குக்கர் வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விசிலை எண்ணுவார். பற்பசை அட்டையைக்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கமும் படிப்பார். அவர் பாஸ் போடாமலே வீட்டில் இருந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது என் மாமா.

மாமா அம்மாவுக்குத் தம்பி, அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்து, விட்டு, மறுபடி சேர்ந்து, மறுபடி விட்டு, ‘ரெண்டு வாரம் அக்கா வூட்ல இருந்துட்டுப் போறேன்’ என்று வந்தவர். அந்த ரெண்டு வாரம் இரண்டு வருஷமாகியும் முடியவில்லை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார், அப்பா யாரையும் எப்படியும் கூப்பிடமாட்டார். அம்மா நடுவில் கிடந்து இடிபடுவாள்.

மாமாவுக்குக் கம்ப்யூட்டர் கடை வைக்க வேண்டும் என்று ஆசை. அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவருக்குச் சென்னீர்குப்பத்தில் ஹைவேயை ஒட்டி ஓர் அறை காலியாக இருந்தது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் தருவதாக இருந்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்குவதுதான் கஷ்டம். அம்மா பல நாள் முனகிய பிறகு அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மாமா தினமும் ஓவர்க்ளாக்கிங், ஓவர்க்ளாக்கிங் என்று பேசுகிறாரே, அதைச் செய்து காட்டட்டும்.

ஓவர்க்ளாக்கிங் என்றால், பிராசசருக்குக் கம்பெனி குறித்து அனுப்பிய வேகத்துக்கு மேல் அதை ஓட்டுவது. மாமா இதை விளக்கியபோது, “குறிச்சதுக்கு மேல ஓட்டுறதுக்கு எங்க ஃபேக்டரியில சஸ்பென்ஷன்னு பேரு” என்றார் அப்பா. ஆனாலும் விஜயதசமியன்று பார்ப்பதாகச் சொன்னார். சொன்ன வேகத்தில் ஓடினால் அறைக்குச் சொல்வார். ஓடாவிட்டால் மாமா மறுநாளே பிரஸ் ஷாப்புக்குத் திரும்ப வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் சிப்செட்டைத் தவிர வேறு பேச்சில்லை. எந்த மதர்போர்டு வாங்குவது என்று மாமா என் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். பெரியவர்கள் யாரும் காது கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளாததால் பத்து வயசுக்காரியான எனக்குத்தான் அத்தனை பாடமும்.

“இன்னா பாப்பா, கேட்டுக்கினு கீறியா? பிராசசர் பேர்ல கடைசியா கே எழுத்து இருந்தா அது வேகமா ஓட ரெடின்னு அர்த்தம். ஆனா ரெடியா இருந்தா போதாது. போர்டுல சிப்செட்னு ஒண்ணு கீது, அது பர்மிஷன் குடுக்கணும். நம்ம குவார்ட்டர்ஸ் கேட்டாண்ட செக்யூரிட்டி நிக்கிறாரு இல்ல, அது மாதிரி. சிப்செட் பேரு ஹெச்சு, பின்னு ஆரம்பிச்சா கேட்டைத் தொறக்காது. இசட்டு ஒண்ணுதான் தொறக்கும்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கேட்டில் நின்ற செக்யூரிட்டி சொந்தக்காரர்களையே விடாதவர். இசட் எழுத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

போர்டு வாங்கிவரப் போன நாளன்று மாமா நெற்றியில் விபூதியோடு புறப்பட்டார். சாயங்காலம் மழையில் நனைந்து திரும்பினார். கையில் போர்டு இருந்தது, அதன் அட்டைப்பெட்டி இல்லை. நனைந்து ஊறிப்போனதால் பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னார். பெட்டி இல்லாமல் எதைப் படித்துச் சோதிப்பது என்று அப்பா முகம் சுளித்தார். “ஓட்டிக் காட்றேன் மாமா, அதான டெஸ்ட்டு” என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து மாமா சிப்செட் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேபினெட் என்கிற இரும்புப் பெட்டிக்குள் பொருத்தி முடித்த பிறகும், திரையில் ஏதோ எண்கள் நிறைந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். “கேட்டைத் தொறந்துடுச்சா மாமா?” என்று கேட்டால், “தொறக்கும், தொறக்கும்” என்பார். காரியத்தில் இறங்கியவர்கள் பேசமாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைக்காரர்கள் வீட்டில் அது தீபாவளியைவிடப் பெரிசு. ஷாப்பில் அன்று மெஷின்கள் எல்லாம் குளித்து மாலை போட்டுக்கொண்டு நிற்கும். அப்பாவுக்கு அதிலும் ஒரு விதி இருந்தது. பொட்டை மேல்மூடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, மெஷினில் வேலை நடக்கிற இடம் எதுவோ அதற்குத்தான் வைக்க வேண்டும். தையல் மெஷினுக்கு ஊசிக்குப் பக்கத்தில், மிக்ஸிக்கு மோட்டாரில். அந்த வருஷம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என்னிடம் தந்திருந்தார்கள்.

“கம்ப்யூட்டருக்கு வோணாம் பாப்பா, மேல ஒரு பூ வெச்சா போதும்” என்று சொல்லிவிட்டு மாமா பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போனார். நான் சைக்கிள், ஸ்கூட்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் முடித்துக் கம்ப்யூட்டரிடம் வந்தேன். மேலே ஒரு சாமந்தி இருந்தது. மேல்மூடிக்கு மட்டும் செய்வது பூஜையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதுவும் மறுநாள் பரீட்சை இருக்கிற மெஷினுக்கு! பக்கத் தகடு திருகாமல்தான் சாத்தியிருந்தது. திறந்தேன். சிப்செட் எந்தத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்ன? மூன்று வாரப் பாடம். விரல் நிறையச் சந்தனம் எடுத்து அந்தச் சாம்பல்நிறத் தகட்டில் வைத்தேன், நடுவில் குங்குமம். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்ததால் ஓரமாக வழிந்தது. பாவாடை நுனியால் துடைக்கப் பார்த்து, இன்னும் பரப்பிவிட்டு, பக்கத் தகட்டைச் சாத்திவிட்டேன்.

மத்தியானம் மாமா கம்ப்யூட்டரைப் போட்டார். அது ஓடியது. ஆனால் மாமாவின் முகம் விழுந்து கிடந்தது. எண்களை மாற்றப் பார்ப்பார், அணைப்பார், மறுபடி போடுவார். சுண்டல்கூடத் தொடவில்லை. கேட் திறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. காரணமும் தெரிந்துபோயிற்று. செக்யூரிட்டியின் கண்ணில் சந்தனத்தை அப்பியவள் நான்தானே. மாமாவுக்கு இனி அறை கிடையாது, கடை கிடையாது, எல்லாம் என் ஒரு விரலால்.

விஜயதசமியன்று காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது மாமாவிடம் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சந்தனம் நல்லா ஈரமா இருந்துச்சா?”

இருந்தது, வழிந்தது என்றேன். மாமா நீளமாக மூச்சு விட்டார். என் தலையைத் தடவினார். எவ்வளவு பெரிய மனசு என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும், “பாப்பா உங்கக்கிட்ட இன்னாவோ சொல்லணும்ன்றா மாமா” என்று மாமா என்னை முன்னால் நிறுத்தினார். நான் மறுபடி சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச்சை எடுத்துவந்து, பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். என் குற்றம் அவ்வளவு பெரிசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“ஈரச் சந்தனம்” என்றார் அப்பா. “போர்டுக்கு ஆகாது. வேற குறை ஒண்ணும் தெரியல.”

பிறகு எனக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தந்தார். அவர்கள் தொழிற்சாலையில் தப்பு செய்தவர்கள் விளக்கம் எழுதித் தர வேண்டும், அதே மாதிரி எழுதச் சொன்னார். ‘நான் ஆயுத பூஜையன்று மாமாவின் கம்ப்யூட்டர் சிப்செட்டுக்கு ஈரச் சந்தனம் வைத்தேன். அதனால் அது வேகமாக ஓடவில்லை. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா அதை மடித்துக் கோப்பில் வைத்தார். அன்று சாயங்காலமே சென்னீர்குப்பம் அறைக்குச் சொல்லிவிட்டார்.

மாமாவின் கடை நன்றாகவே நடந்தது, இப்போதும் நடக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கடையின் முதல் பொட்டை நான்தான் வைக்க வேண்டும் என்று வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார். செய்த தப்பை இப்படி மன்னிக்கிற மனுஷன் உண்டா என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் வெட்கத்தோடு தலையாட்டிவிட்டு, வெளியே இருக்கிற மேசைக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு வருவேன்.

நான் இப்போது நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன், வேலையும் கம்ப்யூட்டரில்தான். போன மாதம் அம்மா வீட்டை ஒழித்தபோது அந்தப் பழைய கேபினெட்டை என் தலையில் கட்டினாள். எடைக்குப் போடுமுன் பக்கத் தகட்டைத் திறந்தேன். என் சந்தனம் பழுப்பேறி இன்னும் அங்கேதான் இருந்தது. அந்த மாதிரித் தகட்டின்மேல் ஒரு கிண்ணம் சந்தனத்தைக் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று இன்று எனக்குத் தெரியும். அந்தக் கறைக்கு ஒரு விரல் தள்ளி, போர்டின் பெயர் வெள்ளைக் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. முதல் எழுத்து பி.

அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அன்றைக்கு அந்த எழுத்து கண்ணில் பட்டதா என்று கேட்டேன்.

“படாம? எழுத்தைப் படிச்சுத்தானே முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன். இசட் போர்டு கடையில இருந்திருக்காது. மூணு வாரம் பேசிட்டு வெறுங்கையோட வர அவனுக்கு வெட்கம்.”

“அப்ப என்கிட்ட எதுக்குப்பா எழுதி வாங்கினீங்க?”

“பாஸ் போடறதுக்கு ஒரு காகிதம் வேணாமா?” என்றார்.

ஃபோனை வைத்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, சிரிப்பு பிறகுதான் வந்தது. விஜயதசமியன்று எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் என்மேல் கோபமாக இருந்ததாகத்தான் நான் நினைத்தேன். மாமாவைக் கரையேற்ற என்னை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியவில்லை.